கோழிக்கூட்டின் தரைப் பாதுகாப்பு

கோழிக்கூட்டின் தரைப் பாதுகாப்பு என்பது, வீட்டுப் புறக்கடையில் வளர்க்கப்படும் கோழிகளை இரவில் அடைத்து வைக்கும் கூட்டின் அடிப்பகுதியை, மண்ணைத் தோண்டியோ இடுக்குகளின் வழியாகவோ நுழையும் விலங்குகளிடமிருந்து காக்கும் வகையில் அமைப்பதைக் குறிக்கும். சுவர், கூரை, கதவு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் பகுதிகள் ஆதலால் அவற்றின் பழுது விரைவில் சரிசெய்யப்படுகிறது. தரையோ கூளத்தாலும் எச்சத்தாலும் மூடப்பட்டிருக்கும். அதில் ஏற்படும் ஓட்டை பெரும்பாலும் கோழிகள் இறந்த பின்னரே தெரியவருகிறது.

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டில் நடைபெற்ற 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இருந்த சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்க்கப்பட்டவை. இவற்றைப் பெரும்பாலும் பெண்களே பராமரிக்கின்றனர். முட்டையும், அவசரத் தேவைக்கு விற்கக்கூடிய கோழியும் குடும்பத்தின் சிறுசேமிப்பாக அமைகின்றன. ஒரு நாட்டுக்கோழி 21 நாட்கள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் ஒரே இரவில் அழிந்தால், மீண்டும் அந்த எண்ணிக்கையை அடையப் பல மாதங்கள் ஆகும்.

இக்கட்டுரை, புதுச்சேரியின் தென்பகுதியில் அமைந்துள்ள தவளக்குப்பம் போன்ற கடலோர ஊர்களின் நிலத்தன்மையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

பின்னணி

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். தென்கிழக்கு ஆசியாவில் நெல் பயிரிடப்பட்ட இடங்களைச் சுற்றி இப்பறவை மனிதருடன் வாழத் தொடங்கியது என்று 2022 ஆம் ஆண்டில் வெளியான தொல்லியல் ஆய்வுகள் கூறுகின்றன. காட்டுக்கோழி பகலில் தரையைக் கிளறி இரைதேடும். இரவில் மரக்கிளையில் அடையும். தரையில் திரியும் வேட்டை விலங்குகளிடமிருந்து அதனைக் காப்பது இவ்வழக்கமே.

வீட்டுக்கோழிக்கும் இவ்வியல்பு மாறவில்லை. மாலையில் உயரமான இடத்தை நாடுவதும், இருட்டியபின் கண்பார்வை குன்றி அசையாமல் இருப்பதும் இதன் அடையாளங்கள். கூட்டில் அடைக்கப்படும் கோழிக்கு மரத்தின் உயரம் கிடைப்பதில்லை. உள்ளே ஒரு விலங்கு நுழைந்துவிட்டால் தப்பியோடவும் வழியில்லை. மூடிய இடத்தில் படபடக்கும் பறவைகளைக் கண்ட ஊனுண்ணி, தன் பசிக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொல்வது உண்டு. இது மிகைக்கொலை எனப்படும். ஆகவே, ஓட்டையுள்ள கூடு கோழிகளுக்குத் திறந்த வெளியைக் காட்டிலும் ஆபத்தான இடமாகிவிடுகிறது.

நிலமும் நீரும்

தவளக்குப்பம், புதுச்சேரி மாவட்டத்தின் அரியாங்குப்பம் கொம்யூனில், புதுச்சேரி – கடலூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. செஞ்சியாறு எனப்படும் சங்கராபரணி ஆறு கடலில் கலப்பதற்கு முன் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. இவ்வூர் சுண்ணாம்பாற்றுக்குத் தெற்கே உள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா அருகில் இருக்கிறது.

இத்தகைய கடலோர வண்டல் நிலத்தில் கூட்டின் தரையைப் பாதிக்கும் இயல்புகள் மூன்று:

- மண் இளகலானது. மணல் கலந்த மண்ணை விலங்குகள் எளிதில் தோண்டிவிடும்.
- மழை ஒரே பருவத்தில் கொட்டுகிறது. புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மிமீ மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, 24 மணி நேரத்தில் 45 செமீ-க்கும் அதிகமான மழை பதிவானது.
- காற்றில் உப்பு கலந்துள்ளது. இரும்புக் கம்பிகள் உள்நாட்டைவிட விரைவாகத் துருப்பிடிக்கும்.

இதனால் இப்பகுதியில் கூட்டின் தரைக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று தோண்டும் விலங்கு, மற்றொன்று தேங்கும் நீர். ஒன்றைத் தடுக்கச் செய்யும் ஏற்பாடு மற்றொன்றுக்கு இடங்கொடுக்கக் கூடாது. கீழே விளக்கப்படும் தரை முறைகளை மதிப்பிடுவதற்கு இதுவே அளவுகோல் ஆகும். மழைநாளில் வளைகளில் வெள்ளம் புகுவதால் எலிகளும் பாம்புகளும் மேட்டைத் தேடி வருகின்றன. கூட்டின் தரை கூடுதலாகச் சோதிக்கப்படுவதும் அக்காலத்திலேயே.

கீழிருந்து வரும் விலங்குகள்

- பெருச்சாளி: பெரிய வளைகளைத் தோண்டும் எலியினம். இதன் ஆங்கிலப் பெயர், பன்றியெலி என்னும் பொருள்தரும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. இரவில் இயங்கும். சிந்திய தீவனத்துக்காக வந்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் இழுத்துச் செல்லும்.
- எலி: ஏறத்தாழ 12 மிமீ இடைவெளி இருந்தால் எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்கு 6 மிமீ அளவே போதும்.
- கீரி: பகலில் இரைதேடும் விலங்கு. ஆதலால் கூடு பகலில் திறந்து கிடக்கும்போதும் அடைகாக்கும் கோழிக்கு இதனால் ஆபத்து உண்டு. பிற விலங்குகள் தோண்டிய பள்ளத்தை அகலமாக்கியும் உட்புகும்.
- நாய், நரி: சுவரின் அடியில் பறித்து நுழைபவை. நகரை ஒட்டிய ஊர்களில் தெருநாய்கள் முதன்மையானவை.
- பாம்பு: பாம்புகள் வளை தோண்டுவதில்லை, எலிவளைகளையே வழியாகப் பயன்படுத்துகின்றன. சாரைப்பாம்பு எலியைத் தேடி வரும், குஞ்சையும் விழுங்கும். நாகப்பாம்பு முட்டை, குஞ்சு இரண்டையும் உண்ணும்.
- உடும்பு: முட்டையையும் குஞ்சையும் உண்ணும். நன்றாகத் தோண்டவும் ஏறவும் வல்லது.

மரநாய் பெரும்பாலும் கூரை வழியாகவும், பருந்து, காகம் ஆகியவை பகலில் திறந்த வெளியிலும் தாக்குகின்றன. இவற்றுக்குத் தரைப் பாதுகாப்பு தீர்வாகாது.

கீரி எலியைத் தின்பதால் அது வீட்டுக்கு நன்மை செய்வது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது ஓரளவே உண்மை. கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்காக 1872 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து சமைக்காத் தீவுக்கும், அங்கிருந்து 1883 ஆம் ஆண்டில் அவாய்த் தீவுகளுக்கும் சிறு இந்தியக் கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. அவை எலிகளோடு நில்லாமல், தரையில் கூடுகட்டும் பறவைகளையும் வீட்டுக்கோழிகளையும் வேட்டையாடின.

மனிதருக்கு ஏற்படும் ஆபத்து

தரையில் உள்ள வளை கோழிகளுக்கு மட்டும் கேடு விளைவிப்பதன்று. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவுகிறது. முட்டை எடுப்பதற்காக இருட்டில் கூட்டினுள் கைவிடுவோர் பாம்புக்கடிக்கு ஆளாகலாம். இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி இறப்புகளுக்குக் காரணமான நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் எலிகள் மிகுந்த இடங்களை நாடி வரக்கூடியவை. கைவிளக்கால் பார்த்த பின்னரே கூட்டினுள் கைவிட வேண்டும். கடிபட்டவரைக் காயத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

தடயங்கள்

எவ்விலங்கு வந்தது என்று அறிந்தால் எவ்வகைத் தரை தேவை என்பதை முடிவு செய்ய இயலும்.

- சுவரோரம் புதுமண் குவியலுடன் வட்டமான துளை இருந்தால் அது பெருச்சாளியின் வேலை.
- சுவரின் அடியில் அகலமான, சரிவான பறிப்பும் கால்நகக் கீறல்களும் இருந்தால் நாய் அல்லது நரி வந்திருக்கலாம்.
- முட்டைகள் ஓடுகூட இன்றி மறைந்திருந்தால் பாம்பு விழுங்கியிருக்கலாம். உடைந்த ஓடுகள் கிடந்தால் எலி, கீரி ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறலாம்.
- கழுத்திலும் தலையிலும் கடிபட்ட கோழிகள் கூட்டினுள்ளேயே கிடந்தால் கீரி போன்ற சிறு ஊனுண்ணியைக் கருதலாம்.

நோயால் இறந்த கோழியையும் எலிகள் இரவில் கடிக்கும். ஆகவே கடித்த தடம் இருப்பதனால் மட்டும் எலியே கொன்றது எனக் கொள்ள இயலாது. அடுத்தடுத்துக் கோழிகள் சோர்ந்து இறந்தால், வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய்கள் குறித்துக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இத்துறைக்கான கல்வி நிறுவனம் ஆகும்.

மரபு முறைகள்

தமிழகச் சிற்றூர்களில் மூங்கில் சிம்பால் முடையப்பட்ட பஞ்சாரம் கோழிகளை அடைக்கப் பயன்பட்டுவந்தது. கவிழ்த்த கூடை போன்ற இதற்கு அடிப்பகுதி கிடையாது. இதனைத் திறந்த மண்ணில் வைத்தால் தரையே வழியாகிவிடும். எனவே திண்ணையிலோ வீட்டினுள்ளோ, கெட்டியாக மெழுகிய தரைமீது கவிழ்த்து, மேலே கல்லை ஏற்றி வைப்பர். கூட்டுக்குத் தரை இல்லாத குறையை வீட்டின் தரை நிறைவு செய்தது.

சுவரை ஒட்டிக் கல்லாலும் மண்ணாலும் சிறிய அறைபோல் கட்டி, வாயிலைப் பலகையால் அடைக்கும் வழக்கமும் உண்டு. இது உறுதியானது, எனினும் காற்றோட்டம் குறைவு, துப்புரவு செய்வதும் கடினம். வீடுகள் மாடிவீடுகளாக மாறி, கோழிகள் தோட்டத்தின் மூலைக்குச் சென்றபின், கூட்டுக்கெனத் தனித்தரை அமைக்கும் தேவை எழுந்தது.

தரை அமைப்பு முறைகள்

1. காங்கிரீட் தரை

தோண்டும் விலங்குகள் அனைத்தையும் தடுப்பது காங்கிரீட் தரையே. மேல்மண்ணை நீக்கி, கெட்டித்து, 4 அங்குலம் செங்கல் ஜல்லி பரப்பி, அதன்மீது 3 அங்குலக் காங்கிரீட் இடப்படுகிறது. சிமெண்ட், மணல், ஜல்லி ஆகியவற்றை 1:3:6 என்ற விகிதத்தில் கலப்பது இத்தேவைக்குப் போதுமானது. 4 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்ட கூட்டுக்கு 6 கன அடி காங்கிரீட் தேவை. அதற்கான சிமெண்ட் ஒரு மூட்டைக்குள் அடங்கும்.

இம்முறையில் நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, தரையை மட்டும் இட்டு ஓரத்தை விட்டுவிடுவது. பெருச்சாளி காங்கிரீட்டைத் துளைப்பதில்லை. அதன் அடியில் மண்ணைப் பறித்து வெற்றிடமாக்கும். பின்னர் தரை விரிசல் கண்டு இறங்கும். இதனைத் தடுக்க, சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்குச் செங்கல் சுவர் இறக்கப்பட வேண்டும். இரண்டாவது, தரையைச் சுற்றியுள்ள மண்ணின் மட்டத்திலேயே அமைப்பது. மழைநீர் உட்புகுந்தால் காங்கிரீட் தரை தொட்டியாகிவிடும். எனவே தரைமட்டத்திலிருந்து குறைந்தது ஒன்று முதல் ஒன்றரை அடி உயர்த்தி, 6 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் என்ற அளவில் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் நீர்வழி விட வேண்டும். அந்நீர்வழியும் வலையால் மூடப்பட வேண்டும். இல்லையேல் அதுவே எலிக்கு வாயிலாகும்.

2. கம்பிவலைத் தரை

மண்தரையின் அடியில் கம்பிவலையைப் பரப்பி, சுவரோடு சேர்த்து மேலே மடித்துப் பிணைப்பது இம்முறையாகும். நீர் கீழே வடிந்துவிடும். கோழிகளும் மேலேயுள்ள மண்ணைக் கிளறலாம்.

கடைகளில் 'கோழிவலை' என்ற பெயரில் விற்கப்படும் அறுகோண வலை இதற்கு ஏற்றதன்று. அதன் கம்பி மெல்லியது. நாய் கடித்துக் கிழித்துவிடும். எலி நுழையும் அளவுக்குத் துளையும் பெரியது. அவ்வலை கோழியை உள்ளே வைத்திருக்கப் பயன்படுமே அன்றி, விலங்கை வெளியே நிறுத்தப் பயன்படாது. சந்திப்புகள் பற்றவைக்கப்பட்ட, துத்தநாகம் பூசிய அரை அங்குலச் சதுரவலையே பொருத்தமானது. கம்பியின் பருமன் 'கேஜ்' எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூடப் பருமன் குறையும். 19 கேஜ் என்பது ஏறத்தாழ 1 மிமீ. இரண்டு வலைத்துண்டுகள் சேருமிடத்தில் அரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

வலையைக் குறைந்தது அரை அடி மண்ணால் மூட வேண்டும். கோழிகள் வெறும் கம்பியின்மீது நடந்தால் பாதப்புண் ஏற்படும். கடலோரத்தில் உப்பும், கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் வலையை அரிப்பதால், இது நிரந்தரமான தரை ஆகாது. அவ்வப்போது சோதித்து மாற்ற வேண்டும்.

3. சுற்று வலை

கூட்டின் உட்புறத்தை விட்டு, சுவரின் அடியிலிருந்து வெளிநோக்கி ஒன்றரை முதல் இரண்டு அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கையாக விரித்து, 'ப' வடிவக் கம்பிகளால் அறைந்து, மேலே மண்ணிடுவது இம்முறை. நாயும் நரியும் தடுப்புச் சுவர் மண்ணைத் தொடும் இடத்திலேயே பறிக்கத் தொடங்குகின்றன. அங்கே வலை தடுக்கும்போது, இரண்டடி பின்னால் சென்று தொடங்குவது அரிது. இவ்வியல்பின் அடிப்படையிலேயே இம்முறை அமைந்துள்ளது. நரிகள் மிகுந்த ஐரோப்பிய நாடுகளிலும் இது கையாளப்படுகிறது. ஆனால், தொலைவிலிருந்து நீண்ட வளை தோண்டிவரும் பெருச்சாளியை இது முழுமையாகத் தடுக்காது.

4. உயர்த்திய கூடு

கூட்டினை இரண்டு முதல் மூன்று அடி உயரக் கால்களின்மீது அமைத்தால், தோண்டுவதற்கான தரையே இல்லாமற்போகிறது. மழைநீரும் கீழே ஓடிவிடும். மரத்தில் அடையும் கோழியின் இயல்புக்கும் இது அணுக்கமானது. தரையை மரச்சட்டம் அல்லது மூங்கில் பிளாச்சுகளால் அமைப்பர். சட்டங்களிடையே விடப்படும் இடைவெளி வழியாகக் கோழியின் விரலை எலியோ பூனையோ கீழிருந்து பற்றக்கூடும். அதனால் சட்டங்களுக்கு அடியில் சற்று இடம் விட்டு அரை அங்குல வலை அடிக்கப்படுகிறது.

கால்களில் எலி ஏறாமலிருக்க, வழுவழுப்பான தகரத்தைச் சுற்ற வேண்டும். தென்னை மரங்களில் எலி ஏறாதபடி தண்டைச் சுற்றித் தகரம் அடிக்கும் முறையும் இதே கொள்கையைச் சார்ந்தது. சாய்ந்த பலகை, கொடி, மரக்கிளை ஆகியவை கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை. கோழிகள் ஏறுவதற்கான பலகையை இரவில் எடுத்துவிட வேண்டும். புயற்காற்றில் கவிழாமலிருக்கக் கால்கள் ஒன்றரை அடியாவது மண்ணில் ஊன்றப்பட வேண்டும்.

தேர்வு செய்தல்

கூட்டின் பரப்பைப் பொறுத்து வலையின் தேவை மாறுகிறது. பின்வரும் கணக்கு இதனை விளக்கும்.

- 4 அடிக்கு 6 அடி கொண்ட கூடு: தரை முழுவதும் வலையிட்டு, சுற்றிலும் அரை அடி மேலே மடிக்க 5 × 7 = 35 சதுர அடி தேவை. ஒன்றரை அடிச் சுற்று வலைக்கு, மூலைகளையும் சேர்த்து, 39 சதுர அடி தேவை.
- 10 அடிக்கு 20 அடி கொண்ட அடைப்பு: முழுத்தரைக்கு 11 × 21 = 231 சதுர அடி தேவை. சுற்று வலைக்கு 99 சதுர அடி போதும்.

எனவே, இரவில் அடையும் சிறிய கூட்டுக்கு முழுத்தரை வலையும், பகலில் மேயும் பெரிய அடைப்புக்குச் சுற்று வலையும் சிக்கனமானவை. ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்று கொண்டால் முதற்கூட்டில் 12 கோழிகளை அடைக்கலாம். நீர் தேங்கும் தாழ்நிலத்தில் உயர்த்திய கூடு சிறந்தது. மேட்டுநிலத்தில், நெடுங்காலம் இடம் மாற்றாமல் வளர்ப்போருக்குக் காங்கிரீட் தரை ஏற்றது.

கூளமும் ஈரமும்

காங்கிரீட் தரையின்மீதும் வலையை மூடிய மண்ணின்மீதும் 2 முதல் 4 அங்குலம் வரை நெல் உமி, மரத்தூள், கடலைத்தோல் ஆகியவற்றுள் ஒன்று பரப்பப்படுகிறது. பாகூர்ப் பகுதி நெல் விளையும் பகுதி ஆதலால் தவளக்குப்பத்தில் உமி பெறுவது எளிது. கூளம் ஈரத்தை உறிஞ்சும். கிளறும் இயல்புக்கும் இடமளிக்கும். நனைந்த கூளத்தில் இரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். விலங்கிடமிருந்து தப்பிய குஞ்சுகளை ஈரத்தரை கொன்றுவிடக் கூடும். மழைக்காலத்தில் கூளத்தை நாள்தோறும் கிளறிவிட்டு, நனைந்த பகுதியை உடனே நீக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- நச்சு உணவு: எலிக்கு வைக்கும் நஞ்சைக் கோழியும் தின்னும். நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகை, நாய், பூனை ஆகியவையும் இறக்கக்கூடும்.
- மின்கம்பி: கூட்டைச் சுற்றி வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானது. மனித உயிரிழப்புக்கும் காரணமாகும்.
- கண்ணாடித் துண்டுகளால் வளையை அடைத்தல்: பெருச்சாளி பக்கவாட்டில் வேறு வழி தோண்டிவிடும். கூளத்தோடு கலந்த துண்டுகள் கோழியின் காலையும், துப்புரவு செய்வோரின் கையையும் கிழிக்கும்.
- இரவில் தீவனத்தை விட்டுவைத்தல்: எலியை அழைப்பது தீவனம்; பாம்பை அழைப்பது எலி. மாலையில் எஞ்சிய தீவனத்தை மூடியுள்ள கலத்தில் எடுத்து வைப்பது செலவில்லாத பாதுகாப்பு ஆகும்.

கீரி, உடும்பு, நரி, நாகப்பாம்பு, சாரைப்பாம்பு ஆகியவை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு)ச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. இவற்றைக் கொல்லுவதும் பிடிப்பதும் குற்றம். கூட்டினுள் பாம்பைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விலங்கை ஒழிப்பதால் நிலையான பயன் இல்லை. தீவனமும் ஓட்டையும் இருக்கும்வரை அவ்விடத்துக்கு மற்றொன்று வரும்.

பராமரிப்பு

தரைப் பாதுகாப்பு ஒருமுறை செய்து முடிப்பதன்று. வாரத்துக்கு ஒருமுறை கூட்டைச் சுற்றி நடந்து புதுமண், துளை, கீறல் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் சுவரோரம் மெல்லிய மணலையோ சாம்பலையோ மாலையில் தூவி, காலையில் கால்தடம் பார்க்கலாம். கதவின் அடிப்புறமும் தரையின் பகுதியே. அங்கே அரை அங்குலத்துக்கு மேல் இடுக்கு இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில், பருவமழை தொடங்குமுன், ஓரத்து மண்ணை ஓரிரு இடங்களில் விலக்கி வலையை இழுத்துப் பார்க்க வேண்டும். கைக்கு உடையும் கம்பி பெருச்சாளியின் பல்லுக்கும் உடையும். அப்பகுதியை மழைக்கு முன்னரே மாற்றிவிட வேண்டும்.